மூன்றாவது அழைப்பு

பழைய கோர்ட் கட்டடத்தின் மாடி வராந்தாவில் நின்று, வழக்குக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் முப்பத்தொரு வருஷம் அவர் பார்த்த வேலை. எல்லோருக்கும் அவர் 'டவாலி'தான். சொந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தோடு சரி. கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போனது. பழையதில் புறாக்கள் குடியேறின. அப்புறம் சீரியல்காரர்கள் வந்தார்கள்.

சாட்சிக் கூண்டையும் மேஜையையும் துடைத்து விசாரணைக் காட்சி எடுத்தார்கள். கூப்பிடுகிற நடிகருக்குக் குரல் எடுபடவில்லை. கட்டடத்து வாட்ச்மேன் சொல்லி, டவாலியைத் தேடி வந்தார்கள்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி. அந்தக் கட்டடத்தின் பேச்சை எடுத்தாலே அவர் முகம் செத்துப்போகும். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவர் போனார்.

படிக்கட்டின் உச்சியில் நிறுத்தினார்கள். "ஆக்‌ஷன்!" வசனத்திலிருந்த பெயர் தொண்டை வரை வந்தது; வாயில் வந்தது வேறு. ஒரு தையல்காரரின் பெயர், தகப்பன் பெயரோடு சேர்த்து. கோர்ட் வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட்டார்; மூன்றாம் தடவை குரல் உடைந்துபோயிற்று.

"பிரமாதம்! அந்தப் பேரையே வச்சுக்கலாம்," என்று டைரக்டர் துள்ளினார்.

ஒலிப்பதிவாளர் மட்டும் ஹெட்போனைக் கழற்றினார். "கீழ யாரோ காலை இழுத்து இழுத்துப் படியேறுறாங்க. நிறுத்தச் சொல்லுங்க."

போய்ப் பார்த்தார்கள். கீழ்க்கதவு பூட்டியே இருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி அதே சத்தம். டவாலி கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

சீரியல் ஒளிபரப்பான மறுநாள் காலை, வாட்ச்மேனிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"நேத்து டிவியில நீங்க கூப்பிட்டது எங்கப்பா பேரு. தாத்தா பேரையும் சேர்த்துச் சொன்னீங்க. எப்படித் தெரியும்?"

டவாலி அவளை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷம் மனைவியிடமும் சொல்லாததைச் சொன்னார். "சாப்பாட்டு நேரம்மா. ஜட்ஜ் கோபத்துல இருந்தார். உங்கப்பா பாதிப் படியில இருந்தார், கால் முடியாதவர். பேச மூச்சு வரலை, கையைத் தூக்கிக் காட்டினார். நான் பார்த்தேன். பார்த்தும், மூணாவது தடவையும் அவசரமாக் கூப்பிட்டுட்டு, உள்ளே போய் ஆளே வரலைன்னு சொல்லிட்டேன்."

தையல்காரர் வரவில்லை என்றே தீர்ப்பாயிற்று. தையல் கடை கைவிட்டுப் போயிற்று.

அவள் சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"படியில நின்னு கையைத் தூக்கினேன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தார். நாங்க யாருமே நம்பலை. தூங்கிட்டு லேட்டாப் போயிட்டு கதை விடுறார்னு அம்மா சாகுறவரைக்கும் திட்டினாங்க. அண்ணன் பேசுறதையே விட்டுட்டான். அப்பா போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? அண்ணன்கிட்டக் காட்டணும்."

ஒரு பக்கம் எழுதுவதற்குள் அவருக்கு ஒரு நாளே கழிந்தது போலாயிற்று. அவள் படித்துப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சீரியல்காரர்கள் வண்டி அனுப்பினார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி டவாலி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.