ஹுன்னஸ்கிரியவுக்குப் போன பிடிமண்

விடிகிற நேரத்தில் கட்டுகஸ்தோட்டையில் மாட்டுவண்டி ஏறினேன். மன்னாரில் தோணி இறங்கி மாத்தளை வழியாக நடந்தே வந்த கால்கள் இனி வண்டி இல்லாமல் நகரமாட்டோம் என்றுவிட்டன. மடியில் ஒரு துணி முடிச்சு, கையில் மெழுகால் வாயடைத்த சொம்பு. முடிச்சில் எங்கள் ஊர் அம்மன் கோயில் பிடிமண், சொம்பில் ஊர் ஆற்றுத் தண்ணீர். ஹுன்னஸ்கிரிய கோப்பித் தோட்டத்தில் என் மகன் இருக்கும் லயத்து வரிசைவீட்டு ஆட்கள், இவற்றை வைத்துத்தான் அம்மனை நிறுத்தப் போகிறார்கள்.

மண்ணுக்குத் தனி வாடகை என்றார் வண்டிக்கார முஸ்லிம் நானா.

"நான் வத்திப்போன கெழவி நானா. மண்ணும் நானும் சேந்தாலும் ஒராளு பாரந்தான்."

கூட வந்தவர் தெல்தெனிய மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேதக்கார வாத்தியார். என் முடிச்சைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பழைய சண்டை நினைவுக்கு வந்தது. பாரசீக ராஜா கிரேக்க ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, மண்ணும் தண்ணீரும் கேட்டாராம். கொடுத்தால் ஊர் அவருக்கு அடிமை. பல ஊர்கள் கொடுத்துவிட்டன. ஓர் ஊர் மட்டும், கேட்க வந்தவர்களைக் கிணற்றில் தள்ளி, இரண்டும் அங்கேயே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்றதாம். பிறகு பெரும் போர். ராஜாவின் படை தோற்றுத் திரும்பியது.

அப்புறம் என்ன ஆயிற்று என்றேன்.

"அப்புறம் என்ன பாட்டி, சண்ட போட்டவங்களே ஒருத்தர் உடுப்ப ஒருத்தர் உடுத்துனாங்க. கிரேக்கத்துக் கல்தச்சன் பாரசீகம் போனான், பாரசீகத்துலேருந்து மயிலு கிரேக்கத்துக்கு வந்துச்சு."

நம்முடைய பறவையைப் பாரசீகக்காரன் தன்னுடையது என்று கொடுத்தானாக்கும் என்றேன். வாத்தியார் தெல்தெனியவில் இறங்கும்வரை சிரித்தார்.

அதற்கப்புறம் ஏற்றம். இரண்டு பக்கமும் கோப்பி பூத்து மலையே வெளுத்துக் கிடந்தது. மல்லிகை போல வாசம்.

வெயில் சாயும்போது தோட்டத்து வாசலில் பெரிய கங்காணி நின்றார். வேட்டிக்கு மேல் வெள்ளைக்காரத் துரை போட்டுக் கழித்த கறுப்புக் கோட்டு. அம்மன் தன் வீட்டு வாசலில்தான் இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அங்கே இருந்தால் அவர் படல் திறக்கும்போதுதான் நாங்கள் கும்பிடலாம். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த என் மகன் தலை குனிந்து நின்றான்.

"மண்ணையும் தண்ணியையும் இங்க வச்சிட்டுப் போ, கெழவி."

"கங்காணியாரே, ஒங்க வீட்டுல கெணறு இருக்கா?"

"இருக்கு."

"எறங்கிப் பாருங்க. ரெண்டும் அதுலயே கெடக்கும்."

களை வெட்டித் திரும்பிய பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாளைக்கு என் மகனுக்குப் பேர் போடமாட்டேன், வேலை கிடையாது என்றார் கங்காணி. ஒருத்தி களைக்கொட்டைக் கீழே போட்டாள்.

"அப்ப எங்க பேரும் வேணாங்க."

மற்றவர்களும் போட்டார்கள். துரைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தாரோ என்னவோ, கங்காணி வழிவிட்டார்.

மறுநாள் காலை லயத்துக்கு மேலே மரத்தடியில் மண்ணை இட்டு, தண்ணீரை ஊற்றி, கல்லை நிறுத்தினோம். கோப்பிப் பூமாலை சாற்றினோம். பூப் பறித்தால் துரைக்குக் காய் நட்டம்; கேட்டால் உதிர்ந்த பூதான் என்று சொல்லிக்கொள்ளலாம். கங்காணியும் வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றார். அவருக்கும் நானே திருநீறு பூசினேன்.

ஊரில் இந்த மண்ணை நான் அள்ளியது கோயில் வேலிக்கு வெளியே நின்றுதான். அதைத் தாண்டி எங்கள் சாதியை விடமாட்டார்கள். இங்கே வேலி இல்லை. ஒன்று போட்டால் என்ன என்று கங்காணி மெதுவாகக் கேட்டார்.

உங்கள் வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம் என்று நான் கேட்டேன்.