தனி வரியில் ஒரு மரணம்

கல்கத்தாவில் எங்கள் தலைமை அலுவலகக் கூட்ட அறையில் வெளிர்சாம்பல் நிறத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். ஒரு பிற்பகலில் அதன்மேல் கறுப்பு மணலாய் ஷூ தடங்கள் விழுந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஹவுராவில் இருந்த எங்கள் இரும்பு வார்ப்பாலையின் ஒர்க்ஸ் மேனேஜர், படகில் ஆற்றைக் கடந்து, உலையடியில் நின்ற உடுப்போடு நேராக உள்ளே வந்திருந்தார். தன் காலிலிருந்து மணல் உதிர்வதை அவரும் பார்த்தார். காலை மடக்கிக்கொள்ளவில்லை.

கோயம்புத்தூர்க்காரர். இளம் வயதில் வேலைக்கென்று வந்து, பவானிபூரில் வீடு பார்த்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். தொழிலாளர்களோடு அவர் பேசும் வங்காளத்தில்கூடக் கோவை இழுவை இருக்கும். தலைமை அலுவலகத்தில் தமிழ் பேச நான் ஒருத்தி அகப்பட்டேன். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார்.

நான் நிதிப் பிரிவில் இருந்தேன். காலாண்டு முடிவுகளை முதலீட்டாளர்களுக்கு விளக்கும் அறிக்கையைத் தயாரிப்பது என் வேலை. மூன்று மாதம் வியாபாரம் செய்துவிட்டு லாபம் எவ்வளவு என்று பார்ப்பார்கள் என்றுதான் வேலைக்குச் சேரும்வரை நினைத்திருந்தேன். எங்கள் கம்பெனியில் லாபம் முதலில் முடிவாகும். அது ஒவ்வொரு காலாண்டும் போனதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று வெளியே வாக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு செலவுகளைப் பார்ப்பார்கள். நல்ல காலாண்டில், பின்னால் வரக்கூடிய நஷ்டத்துக்கு என்று சொல்லி ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார்கள். மோசமான காலாண்டில், அந்த நஷ்டம் வராது போலிருக்கிறது என்று சொல்லி அதை எடுத்து லாபத்தில் சேர்ப்பார்கள். அதுவும் போதாதபோது, செய்ய வேண்டிய செலவைச் செய்யாமல் விடுவார்கள். இதில் எதற்கும் பொய்க் கணக்கு எழுத வேண்டியதில்லை. தணிக்கையாளர்கள் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று அவர் வந்தது கிரேனுக்காக. உருகிய இரும்பை ஒரு பெரிய வாளியில் ஏந்தி, ஆட்களின் தலைக்கு மேலே தூக்கிச் செல்லும் கிரேன் அது. அதன் பிரேக் நழுவ ஆரம்பித்திருந்தது. உலையை ஒரு வாரம் நிறுத்திப் பிரேக்கையும் கியர்பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார். எங்கள் நிதி இயக்குநர் மென்மையாகப் பேசுகிற மனிதர். யாரையும் கடிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. "அடுத்த குவாட்டர்ல கண்டிப்பா பண்ணிடலாம், தாதா," என்று அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் சொல்லி, டீ வரவழைத்தார். முந்தின காலாண்டிலும் அதையேதான் சொல்லியிருந்தார்.

வெளியே லிஃப்டுக்கு நிற்கும்போது ஒர்க்ஸ் மேனேஜர் என்னிடம் கேட்டார். "குவாட்டர்னு ஒண்ணு இருக்குறது உங்களுக்குத் தெரியும் அம்மிணி. அந்தக் கிரேனுக்கு யாரு சொல்றது?"

சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, காலாண்டு முடியப்போகிற நேரத்தில், யாரையும் கேட்காமல் கிரேனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வார்ப்பு நின்றது, அனுப்ப வேண்டிய சரக்கு போகவில்லை, சொல்லி வைத்திருந்த லாபம் முதன்முறையாகத் தவறியது. பங்கு விலை சரிந்த அன்று அலுவலகத்தில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. அந்த மாதமே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விருப்ப ஓய்வு என்று சுற்றறிக்கை வந்தது, பூங்கொத்தும் கொடுத்தார்கள். புதிதாக வந்தவர் பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கச் சொல்லிவிட்டுக் கிரேனை ஓட்டினார். அடுத்த முடிவுகள் நன்றாக வந்தன.

துர்கா பூஜைக்கு ஊரே பந்தல் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது நடந்தது. பிரேக் பிடிக்கவில்லை, வாளி இறங்கிக்கொண்டே போய்த் தரையில் மோதிக் கவிழ்ந்தது. கீழே நின்றவர் சாந்த்ராகாச்சியிலிருந்து வேலைக்கு வருகிறவர். உடலை வீட்டாரிடம் மூடியே கொடுத்தார்கள்.

அந்தக் காலாண்டு அறிக்கையையும் நான்தான் தயாரித்தேன். அடிக்கடி நேராத செலவுகளை லாபக் கணக்கில் தனி வரியில் காட்ட விதி இடம் தருகிறது; அந்த வரிக்கு முன்னால் வரும் லாபத்தைத்தான் முதலீட்டாளர்கள் பார்ப்பார்கள். இறந்தவர் குடும்பத்துக்கான நஷ்டஈடு அந்த வரிக்குப் போனது. கூடவே புதிய பிரேக், புதிய கியர்பெட்டி, உலை நின்ற நாட்களின் செலவு எல்லாமும் அதே வரிக்குப் போயின. ஒர்க்ஸ் மேனேஜர் கேட்டபோது செய்திருந்தால் லாபத்தைக் குறைத்திருக்கக்கூடிய செலவு, ஒரு ஆள் செத்ததும் லாபத்தைத் தொடாத செலவாகிவிட்டது. முதலீட்டாளர்களோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், அந்த வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அருமையான காலாண்டு என்று ஒருவர் வாழ்த்துச் சொன்னார். நிதி இயக்குநர் நன்றி சொன்னார்.

பவானிபூர் வீட்டுக்குப் போய் ஒர்க்ஸ் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் மனைவி கொடுத்த காபியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அப்ப கிரேன் சரியாயிருச்சு," என்றார்.

"ஆமா சார்."

"அவுங்களுக்குச் செலவே இல்லாம."

தொழிற்சாலை ஆய்வாளர் நடத்திய விசாரணைக்கு அவர் தாமாகவே போய்ச் சாட்சி சொன்னார். அபாயம் என்று தெரிந்துதான் பூட்டினேன், பிரேக்கை மாற்றாமல் திறந்தது கம்பெனி என்றார். கம்பெனி வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் இருந்தவரை அந்தக் கிரேனில் விபத்து எதுவும் நடந்ததா? இல்லை என்று உண்மையைச் சொன்னார். அப்படியானால் கிரேன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, வேலை போன கோபத்தில் இவர் பேசுகிறார் என்று முடித்துவிட்டார்கள். கிரேன் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று தீர்ப்பாகி அவர் வேலையும் போயிற்று. விபத்தைத் தடுத்த காலமெல்லாம் இவருக்கு எதிரான சாட்சியாக நின்றது.

நிதி இயக்குநர் ஓய்வு பெற்று, இப்போது வேறு கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் இருக்கிறார். நேர்மையான நிர்வாகம் பற்றிக் கல்லூரிகளில் பேசுகிறார். நான் அதே அலுவலகத்தில் அதே வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஒர்க்ஸ் மேனேஜர் பவானிபூர் வீட்டைக் காலிசெய்துவிட்டு மகள் இருக்கும் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார். வழியனுப்ப ஹவுரா ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். போர்ட்டர் சாமான்களை ஏற்றி முடித்தான். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, கோயம்புத்தூர் வந்தால் அவசியம் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒர்க்ஸ் மேனேஜர் வண்டிப் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

"இந்தக் குவாட்டர் எப்படி அம்மிணி?"

"நல்லா வந்திருக்கு சார்."

"வரும்," என்றார். உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.