பதினேழாம் எண் தாள்

முப்பத்தாறு வயதில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். தபால் வழிப் படிப்பு. புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை, பக்கத்துத் தெரு மாடியில் ஒற்றை அறை. அப்பா அம்மா போன பிறகு, அச்சரப்பாக்கத்து அண்ணன் பொங்கலுக்கு ஒருமுறை போன் செய்வார். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டால், திங்கள் காலை வரை நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டில் வகுப்பு உண்டு என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

முதல் வருடத்தில் ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு பாடம். எல்லோரும் சின்னதாக ஒரு ஆய்வு செய்து எழுதித் தர வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய பெண்களின் தனிமையை எடுத்துக்கொண்டேன். இருபது கேள்விகள். 'மனசு விட்டுப் பேச ஆள் இல்லை என்று தோன்றுகிறதா?', 'வீட்டில் எல்லோரும் இருந்தும் தனியாக இருப்பது போல் இருக்கிறதா?' இப்படி. ஒவ்வொன்றுக்கும் எப்போதும், அடிக்கடி, சில நேரம், இல்லவே இல்லை என்று நான்கு கட்டங்கள். தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான்.

வகுப்பு எடுத்தவர் என்னைவிடச் சின்னவர். "முதல்ல நீங்களே ஒரு தாளை நிரப்பிப் பாருங்க. கேள்வி புரியுதான்னு தெரியும்" என்றார். அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து நிரப்பினேன். கேள்விகள் நன்றாகவே புரிந்தன. மறு வாரம் தாளை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "இது கணக்குல வராதுங்க. கேள்வி கேக்குறவங்க ஆய்வுல ஒரு ஆளா இருக்க முடியாது" என்றார்.

புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் முப்பது வீடுகளுக்குப் போனேன். பதினேழாம் எண் தாள், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக் குழந்தை எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஆபீஸ் வேலையில் இருந்தாலும் ஊரில் எனக்கு 'டீச்சர்' என்றுதான் பெயர். குழந்தையின் பாட்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தார். மருமகள் எனக்கு டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். நான் முதல் கேள்வியைப் படித்தேன்.

"இன்னா டீச்சர் இப்டி கேக்குறீங்க? எங்க மாமிக்கு இன்னா கொறச்சல்? வூடு நெறைய ஆளு கீது" என்று சிரித்தார் மருமகள்.

"ஆமாம்மா, எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் பெரியவர்.

இருபது கேள்விக்கும் 'இல்லவே இல்லை'. நான் டிக் போட்டுக்கொண்டே போனேன். படிகளில் இறங்கும்போது பொறாமையாக இருந்தது. இப்படியும் ஒருத்தருக்கு வாய்க்கிறதே என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்னால், அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பேத்தியைக் கூட்டிப்போக வழக்கமாக மருமகள்தான் வருவார்.

"அந்தப் பேப்பர குட்த்துட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"அத்த எடு. இன்னொரு தபா படி."

ஆபீசில் வேறு யாரும் இல்லை. பீரோவிலிருந்து எடுத்துப் படித்தேன். முதல் மூன்று கேள்விக்கும் ஜன்னலைப் பார்த்தபடி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நான்காவதில் பேச ஆரம்பித்தார்.

"எட்டு பேர் கீறோம். காலைலேர்ந்து பேசிக்கினேதான் கீறேன். சோறு வெந்துச்சா, கொழந்த தூங்கிச்சா, கதவ சாத்துனியா. எல்லாம் அதான். எம் மனசுல இன்னா கீதுன்னு பொறந்த வூட்லயும் சரி, வாக்கப்பட்ட வூட்லயும் சரி, யாரும் கேட்டதில்ல. நீ வந்து கேட்ட. கேட்டவ கிட்ட பொய் சொல்லிட்டேன். அதான் பேஜாரா இருந்துச்சு."

நான் புதுத் தாள் ஒன்றை எடுத்து மறுபடி டிக் போட்டேன். பழைய தாளுக்கும் இதற்கும் ஒரு கட்டம்கூடப் பொருந்தவில்லை.

எழுந்திருக்கும்போது கேட்டார்: "வேற யாருனா இப்டி சொல்லிகீறாங்களா?"

"யாருன்னு சொல்லக் கூடாதும்மா. ஆனா இருக்காங்க."

"இந்த ஊர்லயா?"

"இந்த ஊர்லதான்."

அவர் நம்பாதவர் போல என்னைப் பார்த்தார். பிறகு முகம் கொஞ்சம் இளகியது. மணி அடித்ததும் பேத்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தவரிடம் இரண்டு தாள்களையும் காட்டி, எதைக் கணக்கில் எடுப்பது என்று கேட்டேன். அவர் வேறொன்றைக் கேட்டார்: "பதில் சொல்லும்போது எத்தனை பேருக்குப் பக்கத்துல ஆள் இருந்தாங்க?"

யோசித்துப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல். மகன், மருமகள், சில இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி. தனியாகக் கேட்க வேண்டும் என்பது பாடத்தில் கொட்டை எழுத்தில் இருந்ததுதான். பரீட்சைக்காக அதை மனப்பாடமும் செய்திருந்தேன். "பழைய தாளத் தூக்கிப் போடாதீங்க. ரெண்டையும் வைங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்றார்.

மறுபடி வீடு வீடாகப் போனேன். சிலர் தனியாகக் கிடைத்தார்கள். சிலர் "அதான் சொன்னேனே" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஒரு அம்மா கடைசி வரை 'இல்லவே இல்லை' என்றே சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மருமகள் பள்ளிக்கு வந்தார்.

"மாமி உங்கள வந்து பாத்தாங்களாமே. இன்னா சொன்னாங்க?"

"சொல்லக் கூடாது. யார் சொன்னதையும் சொல்றதில்லன்னு வாக்கு குடுத்துதான் கேக்குறோம்."

"எங்களப் பத்தி எதுனா..."

"யாரப் பத்தியும் ஒரு வார்த்த தப்பா சொல்லல."

அவர் போகவில்லை. மேசையில் இருந்த வெற்றுத் தாள்களில் ஒன்றை எடுத்து, நின்றபடியே கடைசிக் கேள்வி வரைக்கும் படித்தார். "இத்த நான் எழுதலாமா டீச்சர்?"

"அறுபது வயசுக்கு மேலதான்" என்றேன். விதி அப்படி. யோசிக்காமல் வந்துவிட்டது.

"அப்ப இன்னும் முப்பது வருசம் கீது" என்று சிரித்துவிட்டுத் தாளை இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வில், முப்பது பேர் என்பது சின்ன மாதிரி, இதை வைத்து எல்லோரையும் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அது சரிதான். பாஸ் போட்டார்கள். நான் ஊர் திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். சொல்ல ஆள் இல்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அந்த மருமகளின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. அது சிரிப்பே இல்லை என்று அப்போதுதான் தைத்தது.

மறுநாள் ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆய்வுக்காக இல்லை, சும்மா பேசலாம் என்று மருமகளிடம் சொன்னேன்.

"அது அன்னிக்கு எதோ தோணுச்சு டீச்சர். இப்ப ஒண்ணும் இல்ல" என்றார். உள்ளே மாமியார் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கணவர் போனில் யாரிடமோ சரக்கு விவரம் பேசிக்கொண்டிருந்தார். நான் பையைத் திறக்கவில்லை. டீ வந்தது. குழந்தையின் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். மருமகள் வாசல் வரை வந்து வழியனுப்பினார். நான் தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.