காபிக் கடையில் திறந்த அஞ்சல் பெட்டி

‘2008 நவம்பர் 13, வியாழன். மின்னஞ்சல் குறித்துப் பேசப்பட்டது. கடவுச்சொல் மாற்றப்படும்.’ எங்கள் தெரு ஜெபக் குழுவின் கூட்டக் குறிப்பில் அன்றைய நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியவன் நான். எதையும் விடாமல் எழுதுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அன்று பேசியதை எழுத மட்டும் கை வரவில்லை.

விவேக் நகரில் எங்கள் தெருக்காரர்கள் வியாழன்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற வேண்டுதலை எழுதிக் கொடுத்தால் போதும். பெயர் சொல்லாமல் வாசிப்போம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளும் எழுதட்டுமே என்று ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கினோம். அதன் கடவுச்சொல் குழுவின் தலைவருக்கும் செயலாளரான எனக்கும் மட்டும் தெரியும். தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் கணக்கிலிருந்து, அதிலிருந்த எல்லா முகவரிகளுக்கும் ஓர் ஆங்கிலக் கடிதம் போயிற்று. லண்டனில் பையைத் தொலைத்துவிட்டோமாம், உடனே பணம் அனுப்ப வேண்டுமாம். எங்களில் யாரும் ஓசூரைத் தாண்டி அதிகம் போனதில்லை என்பது தெரிந்ததால் ஒருவரும் ஏமாறவில்லை. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் வேண்டுதல்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் பெயரோடு கிடந்தன. எதிர் வீட்டு அம்மாவின் மகளைப் பற்றி அவள் அண்ணன் துபாயிலிருந்து எழுதியதும் அவற்றில் ஒன்று. என்ன எழுதினான் என்று இங்கேயும் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வியாழனன்று தபால்காரர் வீட்டில் கூடினோம். அவருடைய தம்பி மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். கணக்கை மீட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

“பெரியப்பா, வெளியில எங்கயாவது இதை ஓப்பன் பண்ணீங்களா?”

“சனிக்கிழமை பம்பாய்லேர்ந்து வரும்போது, ஏர்போர்ட்ல. பையன் குடுத்த லேப்டாப்புல. ஃப்ரீன்னு போட்டிருந்தான்.”

“பாஸ்வேர்டு கேக்காம விடற வைஃபைல நீங்க டைப் பண்றதை, அங்கயே உக்காந்திருக்கறவன் எடுத்துக்கலாம். மேல அட்ரஸ் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சா, பாத்தீங்களா?”

“பூட்டா? ஃபிளைட்டுக்கு லேட்டாயிட்டிருந்துதும்மா.”

மூலையிலிருந்த தையல்காரர் விடவில்லை. “முப்பது வருஷமா ஊர்க் கடுதாசிய ஒட்டினது ஒட்டினபடி குடுத்தவரு. ரிட்டையர் ஆனதும் ஏர்போர்ட்ல மொத்தமா பிரிச்சு வச்சிட்டாரு.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எதிர் வீட்டு அம்மா சிரிக்கவில்லை. “உங்கள நம்பித்தானேண்ணே எழுத வச்சேன்” என்றார். தபால்காரர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நானும் அதே கணக்கை வெளியில் திறந்திருந்தேன். ஓசூர் ரோட்டில் ஒரு காபிக் கடை. வியாழனுக்கான வேண்டுதல்களைப் படியெடுக்க என் பழைய லேப்டாப்போடு உட்கார்ந்தேன். வைஃபை பட்டியலில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று கடையின் பெயர். அதற்குக் கூப்பன் வேண்டும், கூப்பனுக்கு இன்னொரு காபி வாங்க வேண்டும். மற்றதும் அதே பெயர்தான், வாலில் ‘ஃப்ரீ’ என்று ஒட்டியிருந்தது. நான் வாலுள்ளதை அழுத்தினேன்.

இதைச் சொல்வது பெரிய காரியமில்லை. திங்கட்கிழமை பகலில் காபிக் கடையில் எனக்கு என்ன வேலை என்று சொல்வதுதான் கஷ்டம். பொம்மசந்திராவில் நான் கணக்கு எழுதிய தொழிற்சாலை செப்டம்பரோடு என்னை அனுப்பிவிட்டது. தினமும் டிபன் பாக்ஸோடு அதே பஸ்ஸில் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குத் தெரியாது. அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“நானும் திங்கக்கிழமை வெளியில ஓப்பன் பண்ணேன்” என்றேன்.

“எங்க அங்கிள், ஆபீஸ்லயா? ஆபீஸ் நெட்வொர்க்னா பயமில்ல.”

அந்தப் பெண் அறியாமலே எனக்கொரு கதவைத் திறந்து வைத்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொல்லவும் வாய் திறந்தேன். தபால்காரர் நிமிரவேயில்லை.

“இல்லம்மா. காபிக் கடையில. காலையில பதினோரு மணி இருக்கும்.”

“அந்நேரத்துல காபிக் கடையா? ஃபேக்டரியில சொகமா வச்சிருக்காங்க போல” என்றார் தையல்காரர்.

“ஃபேக்டரியில நான் இல்ல. செப்டம்பரோட முடிஞ்சிடுச்சு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர்தான் முதலில் பேசினார். “விடுங்க, மொதல்ல தொறந்தது நான்தானே.” மனைவி ஜெபமாலையைப் பைக்குள் போட்டு ஜிப்பை மெதுவாக இழுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: “டிபன் பாக்ஸ எங்க வச்சு சாப்ட்டீங்க?”

“பஸ் ஸ்டாப்புல.”

“ரசம் சாதம் குடுத்தன்னிக்குமா?”

“ம்.”

“சொல்லியிருந்தா கெட்டியா ஏதாவது கட்டிக் குடுத்திருப்பேனே.”

திட்டியிருந்தால் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருப்பேன்.

மறுவாரம் அந்தக் கடைக்குப் போய்க் கல்லாவில் விசாரித்தேன். கடையின் வைஃபை ஒன்றுதான், ‘ஃப்ரீ’ என்று எதுவும் தங்களுடையதில்லை என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே தபால்காரர் தலைவர் பொறுப்பை விட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர் திறந்தது சனி, நான் திறந்தது திங்கள், கடிதம் போனது செவ்வாய். நாள் கணக்குப் பார்த்தால் என் பக்கம்தான் சாய்கிறது. திருடிய கடவுச்சொல்லைச் சில நாள் வைத்திருந்தும் பயன்படுத்துவார்கள், நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றாள் அவர் தம்பி மகள். அது விமான நிலையத்தில் போனதா, காபிக் கடையில் போனதா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.