பாரம் குறைந்த கிரகத்தில் ஒரு தோணி

இன்று காலை ஓர்ஸ் ஹில் அச்சகத்தில் என் விஞ்ஞான நாவலைக் கடைசி முறையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னேரம் அச்சுக்குப் போகவேண்டும்.

மகளின் கலியாண அழைப்பிதழுக்காகப் பக்கத்துக் கதிரையில் காத்திருந்த, சல்லிக் கிராமத்து மீனவர் ஒருவர், கேளாமலே ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"தம்பி, உங்கட கிரகத்தில எல்லாம் பாரம் குறைவோ?"

ஐம்பத்திரண்டு வயதில் 'தம்பி' என்று கேட்ட சந்தோஷப் புளுகத்தில் விளக்கினேன்.

"ஓம் அண்ணை. இஞ்சத்தைய பாரத்தில ஆறில ஒரு பங்குதான். அதாலதான் நூறு பேர் ஏறியும் தோணி தாழேல்ல."

"ஆக்களுக்குப் பாரம் குறைஞ்சா தண்ணிக்கும் குறையும்தானே? பிறகென்னெண்டு தாங்கும்? இஞ்ச தாழுற தோணி அங்கயும் தாழும்."

"அது கற்பனை அண்ணை."

"கற்பனையிலயும் கடல் கடல்தான். நானெண்டா இருவது பேருக்கு மேல ஏத்தமாட்டன்."

ஃபோனில் தேடினேன். மனுஷன் சொன்னது சரி. அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு அத்தியாய நாவலில் கதாநாயகன் மூன்றாவதிலேயே மூழ்கினால் மிச்சத்தை யார் நடத்துவது?

எண்பது பேரைக் கரையில் விட்டால்தான் அவன் பிழைப்பான். யாரை விடலாம், சொல்லுங்கள்.

என் விமர்சகர்களின் சாயலில் எழுதிய நால்வரை ஏற்கெனவே இறக்கிவிட்டேன்.