போய்த் திரும்பும் நீலம்

கண்ணாடிப் பெட்டிக்குள் இரு கைகளையும் முழங்கைவரை விட்ட பிறகுதான் பொகுமிலாவுக்கு மூக்கு அரிக்கும். காற்றுப் புகாத பெட்டி; கை நுழைவது அதோடு பொருத்திய ரப்பர் உறைகளுக்குள். நினைத்தவுடன் கையை எடுக்க முடியாது. கண்ணாடியிலேயே மூக்கைத் தேய்த்துக்கொள்வார். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில், ஓத்ரா ஆற்றைப் பார்த்த அந்த ஆய்வுக்கூடத்தில், மூக்குத் தடம் படிந்த பெட்டி அவருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

சாம்பல் நிறம் தவிர வேறு உடுத்த மாட்டார். சிவப்புச் சட்டையின் சாயல் குப்பியில் விழுந்தால் கண் ஏமாந்துவிடுமாம். அவர் கட்டும் மூலக்கூறு மஞ்சள். அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை உருவினால், மடங்கியிருந்தது நிமிர்ந்து நீலமாகும். திருப்பிக் கொடுத்தால் மறுபடி மடங்கி மஞ்சளாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவிட்ச்.

"நிறம் மாறுறது பெரிசில்லப்பா. போனது அப்படியே திரும்பி வரணும். இல்லன்னா அது சுவிட்ச் இல்ல, சாயத்தண்ணி" என்பார் மாணவர்களிடம்.

நெடுநாள் அவருக்குக் கிடைத்தது சாயத்தண்ணிதான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நீலம் திரும்பாமல் மஞ்சளோடு கலந்து பச்சையாகத் தங்கிவிடும். சாயங்காலத்துக்குள் மூலக்கூறு சிதைந்துபோகும். கிடைத்தவரை கட்டுரையாக எழுதிவிடலாம், இல்லாவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவார்கள் என்று துறைத்தலைவர் ஸெனோன் பலமுறை சொல்லிப் பார்த்தார். பொகுமிலா மறுக்கவுமில்லை, எழுதவுமில்லை. மதியம் கசகசா ரொட்டியைக் கடித்தபடி, அது சுற்றி வந்த காகிதத்திலேயே மூலக்கூறின் தோளில் அணுக்களாலான ஒரு பருத்த கிளையை வரைந்துகொண்டிருந்தார். எலக்ட்ரான் போன இடத்தில் வேறெதுவும் வந்து ஒட்டாமல் அது மறித்து நிற்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கிளையைப் பொருத்தி முடிக்கக் குளிர்காலம் முழுவதும் ஆயிற்று. போன வாரம் ஸெனோன் எட்டிப் பார்த்தபோது, எலக்ட்ரான் போய்வரும் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கோடாக வரையும் திரையில் ஒற்றை வளைகோடு மட்டும் இருந்தது.

"என்னங்க, காலைலேருந்து ஒரு சுத்துதான் ஓடியிருக்கா? மெஷின் நின்னுபோச்சா?"

"நிக்கலங்க. ஓடிட்டேதான் இருக்கு. போன கோட்டு மேலயே திரும்பத் திரும்பப் போகுது, அதான் ஒண்ணாத் தெரியுது."

ஸெனோன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். குப்பியில் நீலம் பரவியது, பிறகு மஞ்சள். பச்சை துளிகூட இல்லை. எல்லோரையும் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

பொகுமிலா காலணிகளைக் கழற்றிவிட்டுப் பாதங்களை அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின்மேல் வைத்துக்கொண்டு, குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே, பக்கத்திலிருந்த முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.