நன்றிப் பூசை

என் மகள் ஜெனிபர் காலையில் குளித்து, தலை பின்னி, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே இரவு போட்டிருந்த அதே பேன்ட்டுமாக வந்து நின்று, "வேலைக்குப் போயிட்டு வரேம்மா" என்பாள். நான் அவள் நெற்றியில் சிலுவை போடுவேன். அவள் திரும்பி, அதே அறையில் சன்னலோரம் இருக்கும் மேசைக்கு முன்னால் போய் உட்காருவாள். அவ்வளவுதான், வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் அயோத்தியாப்பட்டணத்தில் பிள்ளை வாசற்படி இறங்கும்போதுதான் சிலுவை போடுவோம். இந்தப் புனே ஊருக்கு வந்த புதிதில் அதை எந்த இடத்தில் போடுவது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. வாசல்வரை கூட்டிப்போய்ப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே கூட்டி வரவா? கடைசியில் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட ஆரம்பித்தேன்.

வாரத்தில் ஒரு நாள்தான் அவளுக்கு ஆபீஸ். மற்ற நாளெல்லாம் இந்த ஒற்றை அறைதான். கம்ப்யூட்டரில் ஒரு கண் இருக்கிறது, அது நேர் எதிரே இருப்பதையெல்லாம் காட்டிவிடும். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம், சன்னலுக்குக் கீழே, தரையில் நான் உட்கார்ந்துகொள்வேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஓடி அடுப்பை அணைப்பேன். இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். பல வருடம் சேகோ ஆலையில் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு சீவியவள் நான். வேலை என்றால் எனக்கு மிஷின் இரைச்சலும், காலுக்குக் கீழே ஓடுகிற புளித்த தண்ணீரும், பெண்கள் போடும் கூச்சலும்தான். இங்கே சத்தமில்லாமல் இருப்பதுதான் என் வேலையாகிவிட்டது.

எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா எப்போது கதவைத் திறந்தாலும் ஜெனிபர் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "முல்கி பரீ நாஹி கா?" என்று கேட்டார். முல்கி என்றால் பெண்பிள்ளை என்று மட்டும் எனக்குத் தெரியும். பெரியவர்கள் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவதுதான் எனக்குப் பழக்கம், ஆட்டினேன். மறுநாள் குழையக் குழையப் பருப்புக் கிச்சடி செய்து கொண்டுவந்து கொடுத்தார். "ஒடம்பு சரியில்லியான்னு கேட்டுருக்காங்கம்மா, நீ ஆமான்னுருக்க" என்று ஜெனிபர் விழுந்து விழுந்து சிரித்தாள். புனேயில் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் சிரிப்பைக் கேட்கவேண்டும் என்றால் கல்லூரியில் படித்தபோது கேட்டிருக்கவேண்டும். நாமக்கல் போகிற வழியில் ஒரு இஞ்சினியரிங் கல்லூரி, அங்கேயே விடுதி. லீவு விட்டால் மூன்று தோழிகளோடுதான் வீட்டுக்கு வருவாள். தட்டு எடுத்து வைத்தால் தட்டு வேண்டாம் என்பார்கள். குண்டானைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பிடுங்கித் தின்பார்கள். "ஏய், கருவாட்ட அவளே முழுங்கறா, புடிங்கடி அவளை" என்று தெருமுனைவரை கேட்கும். கடைசி வருடம் வேலை கிடைத்ததும் கல்லூரிக்காரர்கள் ரோட்டோரத்தில் வைத்த பெரிய பேனரில் இவள் படமும் இருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கச் சீட்டாகப் பார்த்து உட்காருவேன். அவள் அப்பா இருந்து பார்த்திருக்கலாம். அந்த நால்வரும் இப்போது நான்கு ஊரில் நான்கு அறையில் இருக்கிறார்கள். இங்கே இவள் யாரோடும் பேசுவதற்கு முன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் இவள் வாய்தான் அசையும், சத்தம் அந்தப் பக்கம் போகாது. முக்கால்வாசி நேரம் அழுத்தாமலேதான் உட்கார்ந்திருப்பாள்.

"ஆறு மாசம் பாப்பாங்கம்மா. புடிச்சிருந்தா பர்மனென்ட்" என்று சொல்லித்தான் என்னை அழைத்து வந்தாள். ஆறாவது மாதம் முடியப்போகிற நேரம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணும் ஆணும் பேசினார்கள். அவர்கள் முகம் இவள் பின்னால் இருக்கும் அலமாரிக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் சிரித்த முகம். நோயாளியிடம் நல்ல டாக்டர் பேசுவதுபோல அவ்வளவு மெதுவான குரல். இவளும் சிரித்துக்கொண்டே, "யெஸ் மேம், தேங்க்யூ மேம், தேங்க்யூ ஸோ மச் சார்" என்றாள். எழுந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, சிரிப்பு தெரியாதா? உடனே ஊரில் இருக்கும் தங்கை லூர்துவுக்குப் போன் போட்டேன். "பர்மனென்ட் ஆயிடுச்சு லூர்து. ஞாயித்துக்கெழம பூசைக்கு நன்றி கருத்து குடுத்துரு, சாமியார் அவ பேரச் சொல்லி வாசிக்கட்டும்" என்றேன். அவள் என்னைவிடக் கத்தினாள். "மாதாவே! அக்கோவ், இனி நீ பெரிய எடத்து ஆளு. எங்கள எல்லாம் கண்ணு தெரியுமா?" அடுப்பைப் பற்றவைத்து ரவையை வறுத்தேன்.

ஜெனிபர் வெளியே வரும்போது கேசரி தட்டில் இருந்தது.

"யாருக்கும்மா இது?"

"ஒனக்குத்தான் சாமி. பர்மனென்ட் பண்ணிட்டாங்கல்ல?"

அவள் என்னையே பார்த்தாள். உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள். அப்புறம் சொன்னாள்: "என்னைய வேண்டாம்னுட்டாங்க."

"சிரிச்சிக்கிட்டே பேசுனாங்களே பாப்பா?"

"அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க."

"நீயும் தேங்க்யூ சொன்னியே?"

"அப்பிடித்தான் சொல்லணும்."

எனக்குத் தெரிந்த வேலை போவது வேறு மாதிரி. ஒருமுறை ஆலைக்கு நேரங்கழித்துப் போனேன் என்று மேஸ்திரி வாசலிலேயே நிறுத்தி, "நாளைலேருந்து இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காத" என்று கத்தினார். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுகிறவள் இல்லை. மறுநாள் காலையில் மற்ற பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. "நீயே உக்காந்து சீவிக்க மேஸ்திரி, ஒம் பொண்டாட்டியையும் கூட்டியா" என்று கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் அதே மேஸ்திரி அதே வாயால் திட்டிக்கொண்டே என்னை உள்ளே கூப்பிட்டார். அவரைச் சபிக்க எனக்கு ஒரு முகம் இருந்தது. எனக்காக உட்கார ஆள் இருந்தது. என் பிள்ளையை அனுப்பியவர்கள் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வேறு வேறு ஊரில், கம்ப்யூட்டரில் சிறுசிறு கட்டத்துக்குள் இருந்தவர்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டங்களையும் மூடிவிட்டார்களாம்.

லூர்துவுக்குச் சொல்லிப் பூசையை நிறுத்தப் போனைக் கையில் எடுத்தேன். ஜெனிபர் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதம்மா. அந்த பேனர் இன்னும் ரோட்டுலதான் இருக்கு. ஒரு மாசத்துல வேற வேல தேடிருவேன். பூச நடக்கட்டும்."

"ஆண்டவர் தராததுக்கு எப்பிடி சாமி நன்றி சொல்றது?"

"தந்தது மட்டுந்தான் அங்க தெரியும், எடுத்துக்கிட்டது யாருக்கும் தெரியாது. வுடும்மா."

விட்டுவிட்டேன். இப்போது எழுதுவதும் அவளைக் கேட்டுவிட்டுத்தான். மாதம் மூன்றாகிவிட்டது, வேறு வேலை வரவில்லை. "எழுதும்மா, இதுக்கு மேல என்ன இருக்கு" என்றாள். லூர்து இதைப் படிப்பாள், படிக்கட்டும். பிள்ளையின் பின்னால் ஊரைவிட்டு வந்த என்னைப் போன்றவர்களும் படிக்கட்டும். கண்ணாடியில் தெரிகிற சிரிப்பை நம்பி ரவையை வறுத்துவிடாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை கூரியர்காரர் வந்து கம்பெனிக் கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி எடுத்துப்போனார். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து அதைப் பார்த்தார். பிறகு உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைப் பார்த்தார். "முல்கி பரீ நாஹி கா?" என்று மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை கேள்வி எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லூர்து பூசையைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். கம்ப்யூட்டர் இருந்த இடம் மேசையில் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது. ஜெனிபர் அதில் தண்ணீர்ச் சொம்பை வைத்து, போனை அதன்மேல் சாய்த்துவைத்தாள். எங்கள் கோயில். அதே மின்விசிறிச் சத்தம், அதே பிள்ளைகளின் அழுகை. சாமியார் கருத்துகளை வாசித்தார். "அயோத்தியாப்பட்டணம் ஆரோக்கியமேரி, தம் மகள் ஜெனிபருக்கு நிரந்தர வேலை கிடைத்ததற்கு நன்றியாக..." முன்வரிசையில் யாரோ திரும்பி லூர்துவைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கோயிலுக்குள் என் பிள்ளைக்கு வேலை இருந்தது. அங்கே எல்லோரும் எழுந்தார்கள். நானும் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்து நின்றேன், வழக்கப்படி கேமரா கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில். ஜெபத்துக்குப் பதில் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

ஜெனிபர் கையை நீட்டிப் போனின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். அங்கே எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது.